முழங்கைக்குக் கீழே

முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது.
கடிகாரம், வளையல், காப்பு, கோயில் கயிறு.
இது கிருமிகளுக்கான விதி,
கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

முழங்கைக்குக் கீழே எல்லாம் மூடியிருக்க வேண்டும்.
இது எனக்கான விதி,
போன மாதம் மின்னஞ்சலில் வந்தது,
என் பெயரைச் சொல்லாமல்,
அனைத்து ஊழியர்களுக்கும் என்று.

உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பலதுறை மருந்தகம்.
ரத்தம் எடுக்கும் மூன்றாம் முகப்பு என்னுடையது.
என் இடக்கையில்
முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கும் ஒரு பூரான்.
கால்கள் நாற்பத்திரண்டு.
எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் குத்தவிட்டேன்.

இதற்கு ஏதும் அர்த்தம் உண்டா என்று கேட்டார்
மேலாளர் கோ சியூ பெங்,
நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கனிவாகவே.
செத்துப்போன யாருடைய பெயராவது என்றால்
அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.
அல்லது ஒரு தேதி, ஒரு கடவுள், பிழைத்து வந்த ஒரு நோய்.
எனக்குப் பூரான் பிடிக்கும் என்றேன்.
எழுதிக்கொள்ள வந்தவர் பேனாவை மூடினார்.

பச்சையாகச் சொன்னால்
குத்துவதுதான் என் பிழைப்பு.
நாளைக்கு அறுபது கைகள்.
தட்டி, தடவி, தோலுக்கடியில் பச்சை தேடி
எறும்பு கடித்த மாதிரிதான் என்று பொய் சொல்லி
உள்ளே போய் வெளியே வருவேன்.
பச்சை நரம்பு தெரிந்தால் நல்ல கை.
பச்சை குத்தியது தெரிந்தால் கெட்ட கை.

சட்டைக் கையை நீட்டினால் முதல் விதி உதைக்கும்.
ஆகவே பூச்சு.
கடைப்பெண் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
ஆறு டப்பாவைத் திறந்து, ஏழாவதற்குக் குனிந்தாள்.
என் நிறத்தை அடித்தட்டில்தான் வைத்திருக்கிறார்கள்.

காலை ஆறே முக்காலுக்குப் பூரானைப் புதைக்கிறேன்.
ஆனால் ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் கைகழுவ வேண்டும்,
அது இரண்டு விதிகளுக்கும் மூத்தது.
ஒன்பது மணிக்கு உணர்கொம்பு எட்டிப் பார்க்கும்.
பத்தரைக்கு எட்டுக் கால்.
சாப்பாட்டு நேரத்துக்குள் முழுசாய் ஊர்ந்து வந்து
ரத்தக் குப்பிகளின் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

கருத்துப் படிவத்தில் ஒருவர் எழுதியிருந்தார்:
மூன்றாம் முகப்பு. வலிக்கவே இல்லை.
இவ்வளவு மென்மையான கையை நான் பார்த்ததில்லை.
இருந்தாலும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, எண் நானூற்றுப் பதினேழு.
சுல்கர்னைன், ஐம்பத்திரண்டு, டாக்சி.
சன்னல் பக்கத்து வலக்கை மட்டும் வெயிலில் கறுத்திருந்தது.
அதில் நரம்பு ஓடி ஒளிந்தது, இரண்டு தடவை.
மற்ற கை, என்றேன்.
மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற
அவ்வளவு நேரம் ஆகாது யாருக்கும்.

மடிப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாய் வடு.
உற்றுப் பார்த்தால் ஒரு செதில், ஒரு நகம்.
லேசர், என்றார், பதினோரு தடவை.
அழித்த தோல் கெட்டி, எதுவும் தெரியாது.
கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேடினேன்.
திறந்தபோது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மணி பதினொன்று. பாதிப் பூரான் வெளியே.

இது எவ்வளவு ஆச்சு, என்றார்.
முந்நூற்றெண்பது வெள்ளி.
எனக்கு அழிக்க நாலாயிரம், என்றார்,
கோழிச்சோற்று விலையை ஒப்பிடுகிற குரலில்.
அதற்குள் மூன்று குப்பியும் நிறைந்திருந்தது.
பஞ்சை அழுத்திப் பிடியுங்கள், ஐந்து நிமிடம்,
கையை மடக்க வேண்டாம்.

நேற்று டப்பா தீர்ந்தது.
இருபத்து மூன்று வெள்ளி தொண்ணூறு காசு.
ரசீதை இணைத்துச் செலவுத்தொகை கேட்டிருந்தேன்.
திரும்பி வந்திருக்கிறது:
பணிக்குத் தேவையான பொருள் அல்ல.

தொட்டிக்குப் போனேன்.
சோப்பு, இருபது நொடி, விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு.
நாற்பத்திரண்டும் இருந்தன.
அடுத்த எண்ணை அழைத்தேன்.